மலையக மாணவரும் மறைந்து நிற்கும் கற்றல் இடரும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலின் இலக்கணத்தை மட்டும் கூறி அமையாது, ஆசிரியர் இயல்பும் கற்பிக்கும் முறையும் மாணாக்கர் இயல்பும் கற்கும் முறையும் ஆகியவற்றையும் வகுத்துரைக்கின்றது. அன்னமும் ஆவும் போல்வார் முதன் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போல்வார் கடை மாணாக்கர் என்பது அந்நூலின் பாகுபாடு. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர் நில்லாதவாறு போல, கற்றது நெஞ்சில் நில்லாதவனே கடை மாணாக்கருள் முதலில் வைக்கப்பட்டவன். ஆயின் அதே நூல், கற்பிக்கும் முறையைக் கூறுமிடத்து, கொள்பவனது உள்ளம் எவ்வகையாற் கொள்ளுமோ அவ்வகையறிந்து கொடுத்தலை ஆசிரியர்க்குக் கடமையாக்குகின்றது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு வினா எழும். நீர் ஒழுகுதற்குக் காரணம் குடத்தின் ஓட்டையோ, அன்றி ஊற்றும் முறையோ?

இவ்வினாவுக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் மருத்துவமும் உளவியலும் புதியதொரு விடையைத் தந்துள்ளன. அவ்விடை சிறுவர் பாடசாலைகளிலே ஓரளவு அறியப்பட்டுள்ளது. ஆயின் வளர்ந்து கல்லூரியும் பல்கலைக்கழகமும் புகுந்த மாணவரிடத்தே அவ்விடர் தொடர்ந்து நிற்றலையும், அவர் அதனை வெளியிடாது சுமந்து திரிதலையும் ஆசிரியருலகம் இன்னும் போதிய அளவு சிந்தித்திலது. நுவரெலியா, ஹட்டன் முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து உயர்கல்விக்கு வரும் மாணவர் திறத்து இவ்வுண்மை தனிச் சிறப்புடைய சிக்கலாக அமைகின்றது.

இடரின் இயல்பு

1877ஆம் ஆண்டில் அடோல்ப் குஸ்மோல் என்னும் ஜெர்மன் மருத்துவர், கண்பார்வையும் பேச்சும் அறிவும் கெடாதிருக்க, எழுத்தை வாசிக்கும் ஆற்றல் ஒன்றுமே கெட்ட நோயாளரைக் கண்டு, அந்நிலைக்குச் ‘சொற்குருடு’ எனப் பொருள்படும் பெயரிட்டார். பத்தாண்டுகளின் பின்னர், 1887இல், ருடோல்ப் பெர்லின் என்னும் கண்மருத்துவர் ‘டிஸ்லெக்சியா’ என்னும் சொல்லை ஆக்கினார். அவர்கள் கண்டவர் மூளையில் ஊறுபட்ட முதியோர். 1896இல் பிரிங்கில் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், எவ்வகை ஊறும் இல்லாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடத்தே இக்குறை பிறவியிலேயே அமைந்திருத்தலை எடுத்துக்காட்டினார். அச்சிறுவன் விளையாட்டிலும் கணக்கிலும் ஏனையோர்க்குப் பின்னடையாதவன், வாசிப்பிலேயே வழுவினான். கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஹின்ஷெல்வூட் 1917இல் இப்பொருள் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். 1963இல் அமெரிக்கக் கல்வியறிஞர் சாமுவேல் கேர்க், வாசிப்பு, எழுத்து, கணக்கு முதலியவற்றில் தோன்றும் இத்தகைய இடர்களை எல்லாம் ஒரு பெயராற் சுட்டுதற்குக் ‘கற்றல் இடர்ப்பாடு’ என்னும் கருத்தை நிலைநாட்டினார்.

இவ்வரலாற்றினின்று பெறப்படுவன மூன்று. முதலாவது, இவ்விடர் அறிவுக் குறைவன்று. இரண்டாவது, சோம்பலன்று. மூன்றாவது, வயது ஏறுதலால் நீங்கிவிடுவதுமன்று. பயிற்சியால் வாசிப்பின் பிழை குறையலாம்; ஆயின் வேகக் குறைவும், எழுத்துக் கூட்டலின் தடுமாற்றமும், வாசித்தலால் விரைவில் வரும் களைப்பும் பெரியோரிடத்தும் நிற்கும். வாசிப்பு இடருடையோர் மக்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை ஆவர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. இவருட் பலர் இடைவழியிலேயே கல்வியை விட்டு நீங்குவர். எஞ்சிக் கல்லூரி புகுவோர், செவியாற் கேட்டும், நண்பர் சொல்லக் கேட்டு மனனஞ் செய்தும், பிறர் ஒரு மணியிற் படிப்பதை மூன்று மணி படித்தும் வந்தோராதலின், மனவுறுதியில் ஏனையோரினும் மேம்பட்டோர் என்றலும் பொருந்தும்.

எழுத்தும் மொழியும்

தமிழெழுத்து ஒலியோடு நெருங்கிய உறவுடையது. ஆங்கிலம் போல எழுதுவதொன்றும் ஒலிப்பதொன்றுமாக இராதது. ஆதலின் தமிழ் கற்பார்க்கு இவ்விடர் இல்லையெனச் சிலர் கருதுவர். அக்கருத்து முழுதும் பொருந்துவதன்று. 247 எழுத்துக்களின் வடிவங்களை மனத்தில் நிறுத்தல் வேண்டும். ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூவகையாக ஒலிக்கின்றது. ‘கொ’ என எழுதுமிடத்து, பின்னர் ஒலிக்கும் உயிரின் குறியில் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்கின்றது. பேச்சிலே லகர ளகர ழகர வேறுபாடும் ரகர றகர வேறுபாடும் பலரிடத்து மயங்கிவிட்டமையால், அரமும் அறமும் செவிக்கு ஒன்றாகவே கேட்கும்; எழுதுவோன் அவற்றைக் கண்ணின் நினைவாலேயே வேறுபடுத்தல் வேண்டும். மேலும், பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது. லயத்திற் பேசும் மொழி வேறு, பாடநூலின் மொழி வேறு. ‘கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது’ என்பது போன்ற நெடுஞ்சொற்களை மெல்ல வாசிப்போன், சொல்லின் ஈறு காணுமுன் முதலை மறந்துவிடுதலும் உண்டு.

இடர் ஒருவனிடத்து ஒரு மொழியில் வெளிப்பட்டு மற்றொரு மொழியில் மறைந்திருத்தலும் கூடும். 1999இல் வைடெல், பட்டர்வேர்த் என்னும் ஆய்வாளர் இருவர், ஆங்கிலமும் ஜப்பானியமும் ஒருங்கே வழங்கும் பதினாறு வயது இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதினர். அவன் ஜப்பானிய மொழியைப் பட்டப்படிப்பு மாணவர்க்கு நிகராக வாசித்தான். ஆங்கில வாசிப்பிலோ பெரிதும் இடர்ப்பட்டான். இருவகை எழுத்து முறைகளும் ஒலியோடு கொண்ட உறவு வேறாதலே இதற்குக் காரணமென அவர் கருதினர். இவ்வாய்வு இலங்கை மாணவர் நிலையை விளக்குதற்குப் பெரிதும் உதவும். க.பொ.த. உயர்தரம் வரை தமிழிற் கற்று ஒருவாறு தேறிய மாணவனொருவன், பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலம் கற்கத் தொடங்கிய முதலாண்டிலேயே தளர்ந்து விழுதல் உண்டு. ‘தோட்டத்துப் பிள்ளை, ஆங்கிலம் வராது’ என்று கூறி உலகம் அமையும். அவ்வாறு தளர்வார் அனைவரும் கற்றலிடர் உடையோர் அல்லர். ஆயின் அவருள் ஒருசிலர் உடையோர் என்பதை அக்கூற்று மறைத்துவிடுகின்றது.

மலையகச் சூழல்

மலையகத்துக் கல்வி வரலாறு இம்மறைப்புக்கு இடங்கொடுத்துள்ளது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியரும் இடமும் அளித்தலைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, அதன் முழுப் பயனையும் தோட்டப் பாடசாலைகள் பெறவில்லை. ஓராசிரியரே பல வகுப்புக்களையும் ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் நிலையும், ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்ல வழியின்மையும் நெடுங்காலம் நீடித்தன. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினார் பிள்ளைகளுக்கு அரசின் கண்ணோட்டமும் எளிதிற் கிட்டிற்றன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னரே, 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. அதன் பின்னர் உண்டான வளர்ச்சி பெரிது. பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி எழுந்ததும், பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் செல்லத் தொடங்கியதும் அவ்வளர்ச்சியின் சான்றுகளாம்.

எனினும் ஒரு தடை நிற்கின்றது. கற்றலிடரை நிறுவுதற்கு அறிஞர் வகுத்த விதிகளுள் ஒன்று, அவ்விடர் போதிய கற்பித்தல் இன்மையாலோ, கற்பிக்கும் மொழியில் தேர்ச்சியின்மையாலோ விளைந்ததாக இருத்தலாகாது என்பது. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்பு நோய்ப் பாகுபாட்டு நூலும் இவ்விதியைக் கூறுகின்றது. விதி முறையானதே. ஆயின் தோட்டப் பாடசாலையிற் கற்ற மாணவனுக்குப் போதிய கற்பித்தல் கிடையாமையும் உண்மை. மொழித் தேர்ச்சிக் குறைவும் உண்மை. ஆகவே அவனது இடர் எத்துணைப் பெரிதாயினும், அதனைச் சூழலின்மேல் ஏற்றிக் கூறுதற்குக் காரணம் எப்போதும் ஆயத்தமாக உள்ளது. வறுமையே அவனது உண்மைக் குறையை மறைக்கும் திரையாகின்றது. கொழும்பிலுள்ள செல்வர் வீட்டுப் பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் காரணம் யாதெனப் பெற்றோர் ஆராய்வர். மஸ்கெலியாவிலுள்ள தொழிலாளி வீட்டுப் பிள்ளை தடுமாறினால் அஃது இயல்பெனக் கொள்வர்.

இத்திரையை நீக்குதற்கு வழியில்லாமற் போகவில்லை. ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியரிடம் கற்ற உடன்பிறந்தாரும் அயலாரும் வாசிப்பில் முன்னேற, ஒருவன் மட்டும் பின்னிற்பானாயின் சூழல் அதற்கு முழுக் காரணம் ஆதல் இயலாது. நன்கு கற்பித்துப் பார்த்து, ஏனையோர் உயர்ந்த பின்னரும் உயராதான் யாவன் எனக் காண்டலும் ஒரு முறை. கல்லூரியின் முதலாண்டு இதற்கு ஏற்ற காலமாகும்.

மறைப்பின் வகைகள்

இடரை வெளியிடாத மாணவர் மூவகையர். தம் இடரை அறிந்து, அஞ்சி மறைப்போர் ஒரு சாரார். ஏதோ குறையுண்டென ஐயுற்றும் அதன் பெயரறியாதோர் மற்றொரு சாரார். தாம் அறிவிலிகள் என்றே நம்பி, கூறுதற்கு ஒன்றுண்டென்பதையே அறியாதோர் மூன்றாஞ் சாரார். மலையகத்தில் மூன்றாஞ் சாராரே பலர் ஆதல் வேண்டும். ஏனெனில் பாடசாலையில் எவரும் அவரைச் சோதித்து ஒரு பெயர் கூறியிலர். இவரிடம் ‘குறையுடையோர் முன்வந்து பதிவு செய்க’ என்று அறிவித்தலாற் பயனில்லை.

அறிந்தும் மறைப்போர்க்குக் காரணங்கள் உள. தோட்டங்களிலே கையொப்பமிட அறியாத தொழிலாளர் சம்பளத்துக்குப் பெருவிரல் அடையாளம் இட்டனர். ‘கைநாட்டு’ என்னும் அச்சொல் காலப்போக்கில் வசைச்சொல்லாயிற்று. கொழுந்து பறித்த கூலியில் மிச்சம் பிடித்துத் தாய் அனுப்பப் படிக்கும் மகள், ‘படித்த பிள்ளை’ என லயமெல்லாம் பெயர் பெற்றவள், ‘எனக்கு வாசித்தல் இயலவில்லை’ என்று கூறுதல், தன் குடும்பத்தை மீண்டும் அக்கைநாட்டு நிலைக்குத் தள்ளுதல் போலத் தோன்றும். ஆசிரியத் தொழிலோ எழுதுவினைஞர் தொழிலோ கிடையாதென்னும் அச்சமும், தங்கையின் திருமணத்துக்கும் தடையாகுமோ என்னும் அச்சமும் உடன் சேரும்.

சட்டத்தின் நிலையும் அவர்க்குத் துணிவூட்டுவதாக இல்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாகக் கொண்டு கல்வி நிலையத்திற் சேர்த்தலில் வேறுபாடு காட்டுதலைத் தடுக்கின்றது. ஆயின் இயலாமையுடையோர் யாவர் என வரையறுக்குமிடத்து, உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறையால் வாழ்க்கைத் தேவைகளைத் தாமே முழுமையாகவோ ஓரளவோ நிறைவு செய்ய இயலாதோர் என்கின்றது. தானே உழைத்து உண்டு படிக்கும் இளைஞன் இவ்வரையறையுள் தன்னைக் காணான். இந்தியாவில் 2016இல் இயற்றப்பட்ட சட்டமோ குறித்த கற்றல் இடர்ப்பாடுகளைப் பெயர் சுட்டி ஏற்றுக்கொண்டது. அதே 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, உயர்கல்வியிலும் வளர்ந்தோர் கல்வியிலும் ஏற்ற வசதி செய்தலை வேண்டுகின்றது. வேண்டுவதற்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள வெளியை நிரப்புவோர் ஆசிரியரே ஆவர்.

ஆசிரியர் கடன்

கூறாத குறைக்கு எவ்வாறு உதவுவது? விடை எளிது. யார் எனத் தேடாது, யாவர்க்கும் பொதுவாகக் கற்பித்தலைத் திருத்தி அமைத்தல் வேண்டும். 1985இல் ரொனால்ட் மேஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், கட்டடங்களை முதலிலிருந்தே யாவரும் வழங்குமாறு அமைத்தல் வேண்டுமென்னும் கொள்கையைப் பொதுவடிவமைப்பு எனப் பெயரிட்டு வழங்கினார். சக்கர நாற்காலிக்கென இட்ட சரிவுப் பாதையிற் கைக்குழந்தையோடு வரும் தாயும் முதியோரும் ஏறுதல் போல, இடருடையோர்க்கென அமைத்த கற்பித்தல் முறையால் ஏனையோரும் பயனடைவர். தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வந்த மாணவர்க்கு இப்பயன் மிகுதி.

விரிவுரைக் குறிப்பை ஓரிரு நாள் முன்னரே கொடுத்தல் முதலாவது. மெல்ல வாசிப்போன் அதனை முன்னரே கண்டு வருவானாயின், வகுப்பிலே செவியைத் தீட்டிக் கேட்பான். கரும்பலகையில் எழுதியதை வாயாலும் கூறுதல் இரண்டாவது. வகுப்புத் தேர்வின் தொடக்கத்தில் வினாத்தாள் முழுவதையும் அனைவர்க்கும் ஒருமுறை உரக்க வாசித்தலும் இதனுள் அடங்கும். முன்னறிவிப்பின்றி ஒருவரை எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாமை மூன்றாவது. இச்சிறு செயலே பல மாணவர் வகுப்புக்கு வாராதொழிதற்குக் காரணமாகும். மொழிப்பாடம் அல்லாதவற்றில் பொருளுக்கும் எழுத்துப்பிழைக்கும் புள்ளிகளை வேறாக்கல் நான்காவது. ஒரு மணித் தேர்வுக்கு உரிய வினாக்களை அமைத்து, ஒன்றரை மணி நேரத்தை யாவர்க்கும் வழங்கல் ஐந்தாவது. விரைந்து எழுதுவோர் முன்னரே எழுந்து செல்வர், மெல்ல எழுதுவோர் எவர் கண்ணிலும் படாது இருந்து எழுதுவர்.

உடன் பயில்வோர் குழு ஆறாவது. ஆசிரியர் உரைத்ததால் காற்பங்கும், உடன் கற்போரோடு பயிலுதலால் காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் கல்வி நிரம்பும் என்பது நன்னூலின் துணிபு. முழுமையான கல்வியில் முக்காற் பங்கைச் சொல்லாடலின்பால் வைத்த இம்மரபு, செவியாற் கற்போன்பால் பெரிதும் இரக்கமுடையது. திருக்குறளும் கல்வியையும் கல்லாமையையும் கூறிய பின்னர்க் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, கல்லாதவனும் கேட்டலால் தளர்ச்சியில் ஊன்றுகோல் பெறுவான் என்கின்றது. இன்று கைப்பேசி தமிழை உரக்க வாசிக்கவும், சொல்லக் கேட்டு எழுதவும் வல்லது. பிழைகள் உளவாயினும், மெல்ல வாசிப்போனுக்கு அஃது ஊன்றுகோலே. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் மாணவருட் பெரும்பாலார் தொழில் செய்துகொண்டே படிக்கும் வளர்ந்தோர். அங்குக் கல்வி பெரிதும் அச்சிட்ட பாடநூல் வாயிலாக நிகழ்தலின், இத்தகைய ஊன்றுகோலின் தேவை அவர்க்கு இன்னும் மிகுதியாகும்.

பொதுமுறைகளால் நிறைவுறாத இடமும் உண்டு. வாயால் தெளிவாக விடைகூறுவோன் எழுத்தில் நலிதல், ஒரே பக்கத்தில் ஒரு சொல்லை மூவகையாக எழுதுதல், அறிந்த பெருஞ்சொல்லை விடுத்துச் சிறுசொல்லையே ஆளுதல், கடைசி வினா எப்போதும் விடையின்றி நிற்றல், வாசிக்கச் சொன்னால் கண்ணாடியை மறந்து வந்ததாகக் கூறுதல் ஆகியன குறிகள். குறிகண்ட ஆசிரியர் நோய்ப்பெயர் சூட்டுதல் தகாது. அது தேர்ந்த உளவியலாளர் தொழில். தனியிடத்தில் அழைத்து, ‘நீங்கள் எவ்வாறு படிக்கிறீர்கள்? எது மிகவும் நேரம் பிடிக்கிறது?’ என வினவுதலே போதும். மாணவர் வளர்ந்தவராதலின், அடுத்த அடியை எடுப்பதா விடுப்பதா என்பது அவர் உரிமை. கண்ணையும் செவியையும் முதலிற் சோதிப்பித்தல் நலம். கூறியதை அவர் ஒப்புதலின்றிப் பிறரிடம் கூறாமை இன்றியமையாதது. பொதுப் பரீட்சையில் மிகுநேரம் முதலிய சலுகை பெறுதற்குச் சான்றும் பதிவும் வேண்டுமாதலின், அவ்வளவில் மௌனத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவரிடம் கூறுதல் ஊரெல்லாம் கூறுதலாகாது என்னும் நம்பிக்கையை வளர்த்தாலன்றி, மாணவர் அவ்வெல்லையைக் கடக்கத் துணியார்.

ஓர் ஐயமும் விடையும்

இவ்வாறு இடங்கொடுத்தால் கல்வித்தரம் தாழாதோ, ஏனையோர்க்கு அநீதியாகாதோ எனச் சிலர் ஐயுறுவர். தேர்வு எதனை அளக்க வந்ததென முதலில் துணிதல் வேண்டும். சுருக்கெழுத்துத் தேர்வு வேகத்தை அளப்பது. ஆண்டு வேகமே தகுதி. வரலாற்றுத் தேர்வு காரண காரியத் தெளிவை அளப்பது. ஆண்டு எழுதுகோலின் வேகம் தற்செயலாய் வந்து சேர்ந்தது. அதனை நீக்குதல் அளவையைத் தாழ்த்துதலன்று, திருத்துதலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இதற்கு உவமை உண்டு. மழைநாளில் வந்த ஈரக் கொழுந்தும் வெயில்நாளில் வந்த கொழுந்தும் ஒரே நேர அளவில் வாடுவதில்லை. தேயிலை செய்வோர் கடிகாரத்தை மட்டும் நோக்காது, கொழுந்தைக் கையாற் பிடித்துப் பார்த்து, ஈரக் கொழுந்துக்கு மிகுந்த நேரம் கொடுப்பர். அது மற்றைக் கொழுந்துக்குச் செய்த அநீதியென எவரும் கூறார். ஈற்றிலே சுவை காண்போர் கோப்பை அனைத்துக்கும் ஒன்றே. கல்லூரியும் ஈற்றில் அளக்கும் அளவை ஒன்றாயிருக்க, அதற்கு ஆயத்தமாக்கும் காலத்தையும் வழியையும் வேறுபடுத்துதல் பொருந்தும்.

முடிபு

இப்பணியால் விளையும் பயன் ஒரு மாணவனது தேர்ச்சியோடு நில்லாது. கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவருவோர் மீண்டும் தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியராகச் செல்வர். தன் இடர் யாதென அறிந்து, அதனை வெல்லும் வழியும் கற்ற ஆசிரியர், முதலாம் வகுப்பிலே எழுத்துக்கள் மயங்கி நிற்கும் பிள்ளையைப் பிறரினும் விரைவில் இனங்காண்பார். அறியாது வெட்கி மறைத்தே வந்தவரோ, தாம் பட்ட பிரம்படியையே அப்பிள்ளைக்கும் வழங்குதல் கூடும். இடர் ஒரு தலைமுறையோடு நிற்பதும் மறு தலைமுறைக்குத் தொடர்வதும் கல்லூரியின் இரண்டு மூன்று ஆண்டுகளில் உறுதியாகின்றன.

நன்னூல் ஆசிரியரை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் மலரோடும் ஒப்பிட்டது. நிலத்தின் பொறுமையும் துலாக்கோலின் நடுநிலையும் இங்கு ஒருங்கே வேண்டப்படுவன. மலையகத்து மாணவர் இதுகாறும் கடந்து வந்த தடைகள் பல. அவை யாவும் கண்ணுக்குப் புலப்பட்டவை. கண்ணுக்குப் புலப்படாத இத்தடையையும் அவர் தனித்தே கடக்குமாறு விடாது, கொள்வோர் கொள்ளும் வகையறிந்து கொடுக்கும் பழைய நெறியைக் கல்லூரி வகுப்பறைகளில் மீண்டும் நிலைநாட்டுதல், ஆசிரியர்க்கும் கல்லூரி நடத்துவோர்க்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடனாகும்.